அக்கா வீட்டுக்கு ஒரு படம்

அன்று சிங்கப்பூர் பஸ்ஸின் மேல்தளத்தில் இருந்தது நாலே பேர்: ஒரு கணவர், அவர் மனைவி, தூங்கிக்கொண்டிருந்த ஒரு சீனப் பெரியவர், வீட்டு அடுப்பை அணைத்தேனா என்று தேக்காவில் ஏறியதிலிருந்தே பயந்துகொண்டு வந்த நான். கணவரின் மடியில் அவரே வரைந்த ஒரு படம். காரை பெயர்ந்து, ஜன்னல்கள் சாய்ந்து, அழுக்கேறிய பழைய கடைவீட்டு முகப்பு. புக்கிட் பாத்தோக்கில் அவருடைய அக்கா புது வீட்டில் பால் காய்ச்சுகிறாராம். அதற்குப் பரிசு.

“பால் காய்ச்சுற வீட்டுக்கு யாராவது இடிஞ்ச வீட்டைக் கொடுப்பாங்களா?” என்றார் மனைவி. “பார்த்தாலே ரிப்பேர் பண்ணச் சொல்லி டவுன் கவுன்சிலுக்குப் போன் போடத் தோணுது. அண்ணி இதை ஸ்டோர் ரூமா வச்சிருக்கிற பாம் ஷெல்டர்ல அரிசி மூட்டைக்குப் பின்னால வச்சிடுவாங்க லா.”

“டிராயிங் கிளாஸ்ல டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா? நூறு வருஷத்து வெயிலும் மழையும் சுவத்துல தெரியுதுன்னாங்க. எல்லாரும் கை தட்டினாங்க.”

“அவங்க சொன்னது இருக்கட்டும். நீங்க என்ன நினைச்சு வரைஞ்சீங்க?”

அவர் குரலைத் தாழ்த்தினார். எனக்கு அடுப்பே மறந்துபோனது.

“நான் வரைஞ்சது புதுசா பெயிண்ட் அடிச்ச வீடுதான், கமலா. கோடு நேரா வரல. காயறதுக்குள்ள கை வேற பட்டுடுச்சு. அவங்க கை தட்டினதும் பழைய வீடுன்னு நானும் ஒத்துக்கிட்டேன்.”

மனைவி சிரித்த சிரிப்பில் பெரியவர் விழித்துக்கொண்டார். பிறகு படத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார் அந்த அம்மாள்.

“அங்க வந்து நீங்க வாயைத் திறக்காதீங்க. அண்ணிகிட்ட நான் பேசிக்கறேன். ஹால்ல மாட்டுற வரைக்கும் நான் நகர மாட்டேன்.”