சிவப்பு வராத சுடோக்கு

"அந்த வீட்ல ஏற்கனவே ஒரு அஞ்சு இருக்கு. இன்னொரு அஞ்ச எப்படி உள்ள விடுறது?"

மலேசியாவில், கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் போகும் காலை ரயிலில், எனக்கு எதிரே இருந்த பெண்மணி தன் கணவரிடம் இப்படிச் சொன்னார். ஏதோ குடும்பத் தகராறு என்று நிமிர்ந்து பார்த்தேன். கணவரின் மடியில் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் சுடோக்கு எண் புதிர்.

"எது வீடு?" என்றார் கணவர்.

"ஒம்போது கட்டம் சேர்ந்த பெட்டி. அதுக்குள்ள ஒன்னுலேர்ந்து ஒம்போது வரைக்கும் ஒவ்வொரு நம்பரும் ஒரு தடவதான் வரும். குறுக்கு வரிசை, நெடுக்கு வரிசை எல்லாம் அதே மாதிரிதான்."

"சும்மா போட்டுப் பாக்குறேன்லா. தப்புன்னா சிவப்பா காட்டுமே?"

"காட்டாது. அத செட்டிங்ல ஆஃப் பண்ணிட்டேன்."

"ஏன்?"

"ஸ்ட்ரோக் வந்ததுலேர்ந்து சட்டை பட்டன் போட்டாக்கூட, சரியா சரியான்னு என்னையே கேக்குறீங்க. இதுலயாவது நீங்களே முடிவு பண்ணுங்க. சந்தேகமா இருந்தா அந்தப் பென்சில் படத்த அமுக்கிட்டு, வரக்கூடிய நம்பரச் சின்னதா எழுதி வைங்க."

ரயில் ஷா ஆலம் நிலையத்தைத் தாண்டியது. கணவரின் வலது கை மெதுவாக நகர்ந்து, ஒரு கட்டத்தில் இரண்டு சின்ன எண்களை இட்டது. வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்றை அழித்தார். மற்றதைப் பெரிதாகப் போட்டார்.

மனைவி சற்றுக் காத்திருந்தார். "சரியான்னு கேக்கலையே?"

"எதுக்கு? அங்க எட்டத் தவிர வேற எதுவும் போகாது," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.