நடுவில் வைத்த பெயர்

நோட்ஸ் புத்தகத்தின் அட்டையில் என் பெயரையும் போடுங்கள் என்று கோதண்டம் சாரிடம் கேட்டேன். கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்த ஒன்று அது. "தோ பாரு ஷர்மிளா, வேலைக்குப் போனியா, வந்தியான்னு இரு. பேரு கீருன்னு போய் வாயத் தொறக்காத." அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினெட்டு வருஷமாகத் தரை பெருக்குகிறாள். தரையில் யார் பெயரையும் எழுதுவதில்லை. புத்தகத்தில் எழுதுவார்கள். அதனால் கேட்டேன்.

கொரட்டூர் ஸ்டேஷனுக்கு எதிரே, செல்போன் கடைக்கு மேல் அவருடைய டியூஷன் சென்டர். பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருஷம் படிக்கும் முப்பத்தொரு பேர் அங்கே வந்தார்கள். பெரும்பாலும் தமிழ் மீடியம், வீட்டில் முதல் பட்டதாரி, என்னைப் போல. அவர்களுக்கு ஒரு பழைய அமெரிக்க நாவல் பாடம், முந்நூற்றிருபது பக்கம். கல்லூரியில் அதை நடத்த வேண்டிய மேடம் பிரசவ விடுப்பில் போய்விட்டார். ஆகவே சென்டரில் பாடம் நடத்தும் நான் நோட்ஸ் எழுதினேன். கதைச் சுருக்கம், பாத்திரங்கள், பதினைந்து மதிப்பெண் கேள்விகள், விடைகள், மொத்தம் அறுபத்து நான்கு பக்கம். இங்கே நாவலை யாரும் படிப்பதில்லை. நோட்ஸைத்தான் படிப்பார்கள், கமா உட்பட.

கதை எளிது. அக்காள் எடித், தங்கை க்ளாரா. வெள்ளம் வருகிறது. தங்கள் நிலத்தைக் காப்பாற்ற எடித் மதகைத் திறந்துவிடுகிறாள், கீழேயிருந்த ஏழு குடும்பங்கள் மூழ்கிப்போகின்றன. பழி க்ளாரா மேல் விழுகிறது. அவள் ஒரு வார்த்தை பேசாமல் சிறைக்குப் போகிறாள். ஏன் பேசவில்லை என்பதுதான் வருஷா வருஷம் வரும் கேள்வி. கடையில் விற்கிற கைடுகளில் தியாகம் என்று இருக்கும். நான் நாவலை மூன்று முறை படித்துவிட்டு வேறு எழுதினேன். அவளை யாரும் கேட்கவே இல்லை. அவளிடம் கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் வேறு யாரோ பதில் சொல்லிவிடுகிறார்கள். பக்க எண்ணோடு காட்டியிருந்தேன். அந்த நாலு பக்கம் நல்ல எழுத்து. இன்றும் சொல்வேன்.

கோதண்டம் சார் எனக்குப் பதில் சொன்னது வகுப்பில், பிள்ளைகள் முன்னால்.

"இன்னாம்மா, உன் பேரப் போட்டா எவன் வாங்குவான்? என் பேருக்குப் பின்னால எம்.ஃபில். கீது. உனுக்குப் பின்னால இன்னா கீது? ஜன்னல்தான் கீது."

நான் ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தேன். வகுப்பு சிரித்தது. "நம்ம டைப்பிஸ்டு ஆசையப் பாருங்கப்பா" என்றார். எனக்கும் எம்.ஏ. உண்டு. அவர் அந்த நாவலின் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை. இரண்டாவது பெஞ்சில் வடிவும் சிரித்தாள். நான் செய்ததற்கும் அவள் சிரித்ததற்கும் சம்பந்தமில்லை.

கம்ப்யூட்டரில் ஒரு பெயரை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் இன்னொரு பெயரை வை என்றால் வைத்துவிடும். எடித் இருந்த இடத்தில் க்ளாரா, க்ளாரா இருந்த இடத்தில் எடித். நேராக மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும், அதனால் நடுவில் மூன்றாவதாக ஒரு பெயர் தேவைப்பட்டது. என் பெயரை வைத்தேன். ஒரு நிமிஷம், அந்த அறுபத்து நான்கு பக்கத்திலும் மதகைத் திறந்தவள் ஷர்மிளா. பிறகு அதையும் மாற்றி அச்சுக்குக் கொடுத்தேன்.

மூன்று வாரம் அப்படியே வகுப்பும் நடத்தினேன். ஒரு தடவைகூட நாக்கு தவறவில்லை.

கோபம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. கல்லூரி நூலகத்தில் நாவல் இரண்டு பிரதி இருந்தது. எடுத்துப் படித்தவர்கள் தப்பித்திருப்பார்கள். படிக்காமல் பட்டம் வாங்குவது எனக்கு என்றுமே நியாயமாகப் பட்டதில்லை. நான் அப்படி வாங்கவில்லை.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். வடிவு படித்தாள்.

நெமிலிச்சேரியிலிருந்து வருவாள். அப்பா வேம்புலி தண்ணீர் லாரி ஓட்டுகிறார். எல்லாத் தாளிலும் தேறினால் எம்.ஏ. படிக்கலாம், ஒரு அரியர் வைத்தாலும் தாய்மாமனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது வீட்டில் பேசி முடித்த பேச்சு. மாமனுக்கு முப்பத்தொன்பது வயது. அவருடைய முதல் மனைவி எப்படிச் செத்தாள் என்று அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. இதையெல்லாம் வடிவே மாடிப்படியில் உட்கார்ந்து என்னிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாமல் இல்லை.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு நூலகப் பிரதியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"க்கா, தொண்ணூறாம் பக்கத்துல மதகுகிட்ட எடித்துதான் போறா. லாந்தர எடுத்துகினு, சால்வைய இழுத்து மூடிகினு போறான்னு கீது. நோட்ஸ்ல க்ளாரான்னு போட்டுகீதே. நான்தான் தப்பாப் படிச்சிட்டனா?"

அகராதியில் பார்த்த சொற்களையெல்லாம் ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தாள். ஒரு சொல்லுக்குக் கதவு என்று எழுதி, அடித்துவிட்டு, மதகு என்று எழுதியிருந்தாள். தொண்ணூறு பக்கமும் அப்படித்தான். நான் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தேன்.

"நீ தப்பாப் புரிஞ்சிகிட்ட வடிவு. இது எடித் கனவு காணுற இடம். நோட்ஸ்ல இருக்கறத எழுது."

"கனவா? அதான பாத்தேன்" என்று சிரித்தாள். "எனுக்குலாம் இங்கிலீசு புக்கு செட்டாவாதுக்கா." ஓரத்தில் கனவு என்று எழுதிக்கொண்டு போனாள்.

பதினான்கு பேர் அந்தத் தாளில் தேறவில்லை. வடிவு முப்பத்தாறு, நாற்பது வேண்டும். கோதண்டம் சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் பிள்ளைகள் புத்தகத்தையே தொடவில்லை என்று பெற்றோரிடம் சொன்னார். இந்த வருஷம் கூட்டம் அதிகம்.

வடிவு விடுமுறையில் நாவலை முழுக்கப் படித்து முடித்துவிட்டு என்னைப் போனில் கூப்பிட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"அது கனவு இல்லக்கா. டைப்பிங்ல பேரு மாறிகினு போச்சு. உன்னச் சொல்லல, மிஷின் பண்ண வேல. ஒரே பேப்பர் போனவங்களுக்கு அடுத்த மாசம் உடனடித் தேர்வு கீது. நைனாதான் உடமாட்டேங்குது. நீ வந்து ஒரு வார்த்த சொல்லுக்கா, டீச்சர் சொன்னா கேட்டுக்கும்."

போனேன். வேம்புலி எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்தார். வடிவு டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"எனுக்குப் படிப்பு தெரியாது டீச்சர். அதான் உன்னக் கேக்கறேன்" என்றார். "தப்பு நோட்ஸுதா, எம் பொண்ணுதா? நோட்ஸுதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லு. இன்னிக்கே பீசு கட்டறேன். மச்சான்காரன்கிட்ட நான் பேசிக்கறேன்."

இந்த இடத்தில் நீங்கள் என்னைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நான் எழுதியதில் ஒரு தவறும் கிடையாது. எழுதியது வேறு, மாற்றியது வேறு. என் நோட்ஸ் தப்பு என்று என் வாயால் சொல்வது பொய். ரயிலில் வரும்போதே இதைத் தெளிவாக யோசித்து வைத்திருந்தேன்.

"நோட்ஸ் சரிதாங்க" என்றேன். "வடிவுதான் புரிஞ்சிக்காம எழுதியிருக்கு."

வடிவு என்னைப் பார்த்தாள். மிஷின் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். நான் குடித்து வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"கேட்டியா, டீச்சரே சொல்லிடுச்சு" என்று வேம்புலி உள்பக்கம் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், ஆவணி பதினேழு முகூர்த்தம், அவசியம் வந்துடணும் என்றார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பூந்தமல்லியில் புதிதாகத் திறக்கிற டியூஷன் சென்டரில் திங்கட்கிழமை சேர்கிறேன். வருவதாகப் போன வாரமே சொல்லியாகிவிட்டது. அங்கேயும் எல்லாரும் முதல் தலைமுறைப் பிள்ளைகள்தானாம். பாவம், அந்தப் பிள்ளைகளுக்கென்று அக்கறையாக ஒருத்தி வேண்டும்.