அழைப்பிதழில் ஒரு பளிங்குக் கல்

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் அழைப்பிதழ் அச்சடிக்கும் கடை. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அக்காவும் தங்கச்சியும். அக்காவின் கையில் அப்போதுதான் அச்சாகி வந்த கலியாணக் காட். அதில் ஒரு பளிங்குச் சிற்பத்தின் படம்.

“அக்கா, அது கல்லறைக் கல்லாம்.”

“என்னடி சொல்லுறாய்? நீதானே துப்புரவு வேலை செய்யிற மியூசியத்திலை படம் எடுத்து அனுப்பினனீ!”

“ஓம், கிரேக்கச் சிலையள் இருக்கிற அறையைக் கூட்டேக்கை எடுத்தனான். பொம்பிளை கதிரையிலை இருக்கிறா, வேலைக்காரி நகைப்பெட்டி நீட்டுறாள், புருசன்காரர் அவவின்ரை கையைப் பிடிக்கிறார். கலியாணமெண்டுதான் நினைச்சன். இண்டைக்கு அங்கை விளக்கம் சொல்லுற பிள்ளை சொல்லுது, கதிரையிலை இருக்கிறவதான் செத்தவவாம்.”

“செத்தவவோ? ஒருத்தரும் அழேல்லையே!”

“அந்தக் கல்லுகளிலை கத்தி அழமாட்டினமாம். கையைப் பிடிச்சு வழியனுப்புறதுதானாம் துக்கம்.”

“ஐயோ, என்ரை மகளின்ரை கலியாணத்துக்குச் செத்தவீட்டுக் காட்டோ!”

இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, கண்ணீர் வரச் சிரித்தார்கள். வரிசையே திரும்பிப் பார்த்தது.

“மாத்தி அடிக்கவோ அக்கா?” என்றார் கடைக்காரர்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தை இன்னொருமுறை பார்த்தார்.

“வேண்டாம் தம்பி. மனிசி செத்தும் அந்தாள் கையை விடேல்லை, பாருங்கோ. முதல் காட்டை என்ரை மருமகனுக்குத்தான் குடுக்கப்போறன்.”