மோட்டாருக்கு வாங்கிய செருப்பு

தருமபுரியிலிருந்து இண்டூர் போகும் மத்தியான பஸ்ஸில், என் முன்சீட்டுக்காரர் புது ரப்பர் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்.

"கால்ல போட்டுக்கறதுதானேங்க?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"நடக்கற செருப்பு வழியிலயே அறுந்துடுச்சு. இது நடக்கறதுக்கு இல்லைங்க. மோட்டார் போடறதுக்கு."

"என்னங்க சொல்றீங்க?"

"மோட்டார் ரூம்ல சாமி படம் மாட்டியிருக்கேன். அதுக்காவ செருப்பை வெளிய வுட்டுட்டு, ஈரக்காலோட சுவிட்சைத் தொட்டேன். தூக்கி எறிஞ்சிடுச்சுங்க! ரப்பர் செருப்பு இல்லாம தொடவே கூடாதுன்னுட்டாரு லைன்மேன்."

"அப்ப சாமி?"

"தெருவை மிதிக்காத செருப்புன்னா சாமி ஒண்ணும் சொல்லாதுன்னு வூட்ல சொல்லிட்டாங்க."

இண்டூர் வந்தது. செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கியவர், கொதிக்கும் தார் ரோட்டில் குதித்துக் குதித்து ஓடினார்.