அடிவேலை என்னுடையது

துருவைச் சுரண்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மூன்று நாளைக்குத் தும்மல் நிற்காது. அந்த ஜீப்பை வீட்டு ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்த முதல் வாரம் நானும் தம்பியும் மாறி மாறித் தும்மினோம். காயலான் கடையில் கிடந்த வண்டி. தரைத்தகட்டில் என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது.

வேலையை அன்றைக்கே பிரித்துக்கொண்டோம். இன்ஜின், ஒயரிங், பெயிண்ட் எல்லாம் அவனுக்கு. அடிவேலை எனக்கு. சின்ன வயதில் ஒளிந்து விளையாடும்போது ஒரு பெட்டிக்குள் மாட்டிக்கொண்டதிலிருந்து அவன் எதற்கடியிலும் படுக்க மாட்டான். பிரேக் எண்ணெயில் புகுந்த காற்றை எடுக்கும்போது அவன் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிப்பான். நான் கீழே படுத்து, காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடுவேன். மிதி என்றால் மிதிப்பான், விடு என்றால் விடுவான். கீழே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

அப்பா அம்மா போனபிறகு அவனை வளர்த்தவன் நான். எனக்குத் தனியாக இருக்கப் பயம். நாற்பத்தாறு வயது ஆள் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சாயங்காலம் அவன் வரப் பத்து நிமிடம் தாமதமானால் எனக்குக் கை கால் ஓடாது. மலைப்பக்கம் நில அளவை வேலை கிடைத்திருக்கிறது, ஜீப் தயாரானதும் அதிலேயே கிளம்பிவிடுவேன் என்று அவன் சொன்னான். ரொம்ப நல்ல செய்தி என்றேன்.

அதன்பிறகு ஜீப் தயாராகவே இல்லை. கார்புரேட்டரில் ஒரு சிட்டிகை மணல். இன்னொரு மாதம் ஒயரில் பிளேடால் ஒரு கீறல். அவன் வெளியே போன நேரமாகப் பார்த்துச் செய்வேன். திரும்பி வந்து தலையைச் சொறிவானே தவிர, கோபமே வராது அவனுக்கு. "இந்த வண்டிக்கு என்மேல ஆசைண்ணே, விடமாட்டேங்குது" என்று சிரிப்பான். நானும் சிரிப்பேன். மறுபடி இரண்டு பேரும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்காருவோம். அந்த ஒன்றரை வருஷம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

கடைசியில் எல்லாவற்றையும் சரிசெய்து முடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பயணம் என்றான். சனிக்கிழமை மதியம் அவன் கடைக்குப் போயிருந்தபோது, முன்சக்கரத்துக்கு பிரேக் எண்ணெய் போகும் புது ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு, வெடிப்பு விட்டுக் கிடந்த பழையதை மாட்டினேன். ஹோஸைத் தொட்டால் மறுபடி காற்று எடுத்தாக வேண்டும். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். அவன் வந்ததும் கடைசியாக ஒரு தடவை எடுத்துவிடலாம் என்று கூப்பிட்டேன். கை கழுவக்கூடப் போகாமல் வந்து உட்கார்ந்து, நான் சொன்னபோதெல்லாம் மிதித்தான்.

அந்தக் காலத்து வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஒன்று போனால் நான்கும் போகும். அது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வாசல் திருப்பத்திலேயே ஹோஸ் வெடிக்கும், வண்டி மெதுவாக மதிலில் இடிக்கும், விளக்கு உடையும், இன்னும் இரண்டு மாதம் வேலை இருக்கும் என்று நினைத்தேன். அதற்குமேல் நான் எதுவும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை வாசலில் அவன் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. ஹோஸ் வெடிக்கவில்லை. அங்கிருந்து தெரு நேரே இறக்கம், அடியில் ரயில்பாதைச் சுவர். அவன் கதவுக்கு மேலே தலையை நீட்டினான்.

"அண்ணே, பிரேக் சரியா இருக்கில்ல? நீ சொன்னாப் போதும்."

சொல்லியிருக்கலாம். ஆனால் ஹோஸைச் சொன்னால் ஒயரையும் சொல்ல வேண்டும், மணலையும் சொல்ல வேண்டும். ஒன்றரை வருஷத்தையும் நினைத்துப் பார்த்து அவன் முகம் மாறுவதை நான் நின்று பார்க்க வேண்டும். அந்த இறக்கத்தைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"பாத்துட்டேன். பயப்படாமப் போ" என்றேன்.

பாதி இறக்கத்தில் ஹாரன் கேட்டது. விடாமல் கேட்டது. நான் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தேன்.

சுவரில் மோதியவனுக்கு இனி கழுத்துக்குக் கீழே அசைவு வராது என்கிறார்கள் ஆஸ்பத்திரியில். பேச்சும் இல்லை. நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் இந்தப் பழைய ஹோஸைப் பற்றி அவனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் உள்ளே போனதும் நாடித் துடிப்பு காட்டும் மெஷின் கத்த ஆரம்பிக்கிறது. நர்ஸம்மா ஓடி வந்து என்னை வெளியே போகச் சொல்கிறார். பாவம், அவருக்கு எங்களைப் பற்றித் தெரியாது. கையெழுத்தைச் சீக்கிரம் வாங்கிக்கொண்டால் பார்வை நேரம் முடிவதற்குள் போய்விடுவேன். அவனுக்கு இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? வேறு யாரைப் பார்த்தும் அவன் கண் அப்படி விரிவதில்லை.