திங்கட்கிழமைப் பெட்சீற்

— றோஸ்மலர், அந்த உடுப்புத் தோய்க்கிற மெசினை நிப்பாட்டிப்போட்டு இதிலை இரு பிள்ளை. ஆசுப்பத்திரியிலை எங்கடை ஹொஸ்டல் பிள்ளை லின்னைப் பாத்தனியோ?

— பாத்தன் அக்கா. முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டிருக்கினம். உயிருக்கு ஒண்டும் இல்லையாம்.

— நான் தந்துவிட்ட சூப்பு?

— பிளாஸ்கைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருந்தவள். மூடி திறக்கேல்லை.

— நேற்று அம்புலன்ஸிலை ஏத்தேக்கை அந்த முகத்திலை ரத்தமே இல்லை, கண்டியோ.

— நேர்ஸ் சொன்னவ, இது நேற்றுத் தொடங்கினதில்லையாம். மாசக்கணக்காத் தன்ரை கையைத் தானே கீறிக்கொண்டு இருந்திருக்கிறாளாம். அழ வராதாம் அக்கா. நெஞ்சு அடைச்சுக்கொண்டு வரேக்கை வேறை வழி தெரியேல்லையாம்.

— ம்.

— என்ன ம்? நீங்கள் அசையாமல் இருக்கிறியள்.

— எனக்குத் தெரியும் பிள்ளை. ஒக்ரோபரிலையிருந்து தெரியும்.

— யேசுவே. என்னண்டு?

— மூண்டாம் மாடிப் பிள்ளையளின்ரை உடுப்புத் தோய்க்கிறது என்ரை வேலைதானே. அவளின்ரை பெட்சீற்றிலை ரத்தம் இருக்கும். பொம்பிளைப் பிள்ளை, மாசத்திலை வாறதுதானே எண்டு நினைச்சன். பிறகு பாத்தால் ஒவ்வொரு திங்கட்கிழமை உடுப்பிலையும் வருது. வெய்யிலுக்கையும் நீட்டுக்கைச் சட்டை. கோப்பை கழுவேக்கையும் கையை மடிச்சு விடமாட்டாள். அப்பதான் விளங்கிச்சுது.

— வோர்டனிட்டைச் சொல்லேல்லையோ?

— சொன்னால் என்ன செய்வினம்? பைத்தியம் எண்டு எழுதி விமானம் ஏத்தி விடுவினம். சீனாவிலை தாய் தேப்பனுக்கு அவள் ஒண்டுதான். ஞாயிறு ஷிப்டிலை கண்டிருக்கிறன். தேப்பன் போன் எடுப்பார். படியடியிலை நிண்டு சிரிச்சுச் சிரிச்சுக் கதைப்பாள். போனை வச்ச உடனை சுவரிலை தலையைச் சாய்ச்சுக்கொண்டு நிப்பாள்.

— சோதினையிலை பெயிலாம் அக்கா. ரெண்டு பாடம். வீட்டுக்குச் சொல்லேல்லையாம்.

— பாத்தியோ. அந்தப் பிள்ளையை நானும் காட்டிக்குடுக்கிறதோ? அந்தப் பெட்சீற்றை உப்புப் போட்டுப் பச்சைத்தண்ணியிலை ஊறவிட்டு, மற்ற உடுப்போடை சேர முதலே தோய்ச்சுப் போடுவன். ஒரு குருவிக்கும் தெரியாது.

— எட்டு மாசமா?

— எட்டு மாசமா. இஞ்சை பார், எண்பத்து நாலிலை ஊரிலை ஆமி பொடியளைப் பிடிக்க றவுண்டப் வரேக்கை தம்பியின்ரை சேட்டிலை ரத்தம். தெருவிலை விழுந்துகிடந்த ஒருத்தனைத் தூக்கினவன், வேறையொண்டுமில்லை. அவங்கள் கேற்றைத் திறக்க முதல் கிணத்தடியிலை தோய்ச்சு முடிச்சிட்டன். அதாலைதான் அவன் இண்டைக்கு உயிரோடை டூட்டிங்கிலை பிள்ளை குட்டியோடை இருக்கிறான். எனக்குத் தெரிஞ்ச உதவி அதுதான்.

— லின்னோடை ஒருக்காலும் கதைக்கேல்லையோ?

— எனக்கெங்கை இங்கிலீசு? ஊத்தை உடுப்புப் பையைத் தரேக்கை என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு நிப்பாள். பாவம், வெக்கப்படுறாள் எண்டு நான் சும்மா சிரிச்சுப்போட்டு டக்கெண்டு போயிடுவன். எவ்வளவு ஒழுங்கான பிள்ளை, கண்டியோ. மற்றதுகள் எல்லாத்தையும் உருட்டி அடைக்குங்கள். அவள் மட்டும் பெட்சீற்றை வடிவா மடிச்சு, எல்லாத்துக்கும் மேலை வைப்பாள்.

— மேலையோ?

— ஓம். கறை தெரியிற பக்கம் மேலை. அதைக்கூடப் பாத்து மறைக்கத் தெரியாத பச்சைப்பிள்ளை. ஏன் பிள்ளை, முகம் ஒரு மாதிரிப் போகுது?

— ஒண்டுமில்லை அக்கா.

— இல்லை, என்னவோ இருக்கு. சொல்லு.

— விடுங்கோ. அந்த உடுப்பெல்லாம் காய்ஞ்சிட்டுது, மடிப்பம்.

— நாளைக்கு நானும் உன்னோடை வாறன். இந்த அக்கா ஆருக்கும் ஒண்டும் சொல்லேல்லை எண்டு நீ இங்கிலீசிலை சொல்லிவிடு. அவளின்ரை மனம் ஆறும்.

— வராதேங்கோ அக்கா.

— ஏன்? என்னைப் பற்றி அவள் என்னவும் கேட்டவளோ?

— கேட்டவள். எனக்கு அங்கை ஒண்டும் விளங்கேல்லை. இப்பதான் விளங்குது.

— என்ன கேட்டவள்? சொல்லு பிள்ளை.

— ‘அந்த அக்கா காணட்டும் எண்டுதானே ஒவ்வொரு திங்களும் மேலை வச்சனான், ஏன் அவ ஒரு நாளும் ஒண்டும் கேக்கேல்லை’ எண்டு கேட்டவள்.