ஏழாவது கேள்விக்குச் சரியான விடை

பரீட்சைக்குக் கேள்வி எழுதுவதில் மிகவும் சிரமமானது பிழையான விடைகளை எழுதுவதுதான். சரியான விடை பத்தியிலேயே இருக்கும், எடுத்து வைத்தால் போதும். மற்ற மூன்றும் பிள்ளை ஒரு கணம் பேனாவை நிறுத்தி யோசிக்கும் அளவுக்கு உண்மை போலத் தெரிய வேண்டும். சில ஆசிரியர்கள் நாலாவது விடைக்கு வருமுன்பே களைத்துப்போய், ஏதாவது பகிடியை எழுதி ஒப்பேற்றிவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. பிள்ளைகளை மடையர்கள் என்று நினைப்பவர்கள் செய்கிற வேலை அது.

டிற்றெக்டிவ் ஸ்ரீஸ்கந்தராசா, நீங்கள் பேசச் சொன்னீர்கள், நான் எழுதித் தருகிறேன் என்றேன். எந்த மொழியில் என்று கேட்டீர்கள். ஆங்கிலத்தில் எழுதினால் ஒவ்வொரு வசனத்தையும் திருத்திக்கொண்டே இருப்பேன், முடியாது. தமிழில் எழுதினதை எழுதினபடி விட்டுவிடலாம். என் பெயர் அன்ரனெற். ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கிலப் பகுதித் தலைவி.

பத்தாம் வகுப்புக்கு வருடா வருடம் ஒரு கிரகித்தல் பரீட்சை வைக்கிறோம். ஒரு பத்தியைக் கொடுத்து, பிள்ளைக்கு எவ்வளவு விளங்கியது என்று பார்ப்பதுதான். மற்ற ஆசிரியர்கள் இணையத்திலிருந்து டொல்பினைப் பற்றியோ எரிமலையைப் பற்றியோ எதையாவது இறக்கிக்கொண்டு வருவார்கள். டொல்பினைப் பற்றி வாசித்து வாசித்தே பிள்ளைகளுக்கு வாசிப்பில் வெறுப்பு வந்துவிட்டது. இந்த முறை பாடம், நம்ப முடியாத கதைசொல்லி. தான் கண்டதைத் தானே பிழையாக விளங்கிக்கொண்டு நமக்குச் சொல்லும் பாத்திரம். அதற்குத் தோதான பத்தி கிடைக்கவில்லை, நானே எழுதுகிறேன் என்று பகுதிக் கூட்டத்தில் சொன்னேன். வேலை மிச்சம் என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

வழமையாக அந்தப் பாடம் வசந்த காலத்தில்தான் வரும். ஜனவரிக்கு இழுத்தவள் நான். காரணம் நிலாணி.

நிலாணி என் பத்தாம் வகுப்பில் படிக்கிறவள். கனடாவில் பிறந்த பிள்ளை. வகுப்பில் அதிகம் வாய் திறக்கமாட்டாள், ஆனால் கொடுத்த புத்தகத்தை முழுதாக வாசித்துவிட்டு வரும் மிகச் சிலரில் ஒருத்தி. அந்தத் திங்கட்கிழமை மதிய இடைவேளையில் வந்து, வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு நின்றாள். கண் வீங்கியிருந்தது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை மோர்னிங்சைட் வீதியில் ஒரு மனிதரைக் கார் அடித்துவிட்டுப் போய்விட்டதும், அவர் இறந்ததும் செய்தியில் வந்திருந்தது. அவர் பெயர் ஸம்சுதீன். வீடுகளில் ஹீற்றிங் திருத்துகிறவர். அவரது மகள் மின்ஹாவும் அதே வகுப்புத்தான். அன்று அவளுடைய கதிரை வெறுமையாகக் கிடந்தது.

“மிஸ், நான் அங்க நிண்டனான்,” என்றாள் நிலாணி. “ரோட்டுக்கு மற்றப் பக்கம், பஸ் ஷெல்ற்றருக்குள்ள. கார் அடிச்சிட்டு நிண்டது. ஒரு அன்ரி இறங்கி வந்து அவருக்குக் கிட்டக் குனிஞ்சவ. அவர் என்னமோ சொன்னவர், எனக்குக் கேக்கேல்லை. பிறகு அவ காருக்குப் போகேக்க ‘வாறன்’ எண்டு சத்தமாச் சொன்னவ. வாறன் எண்டா, லைக், ஐ ஆம் கமிங் தானே?”

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

“அதால நான் நினைச்சன், அவ ஆரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருவா எண்டு. நான் அம்புலன்ஸுக்கு அடிக்கேல்லை, மிஸ். வெயிற் பண்ணினன். கனநேரம் வெயிற் பண்ணினன். பிறகு என்ர பஸ் வந்திட்டுது.”

தமிழ்ப் பிள்ளைகள் தனியே வந்து தமிழில் கதைத்தாலும் நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வதுதான் வழக்கம். அன்று அதைக் கொஞ்சம் கூடுதல் கவனத்துடன் கடைப்பிடித்தேன். முகத்தைக் கண்டாயா என்று கேட்டேன்.

“இல்லை. ஸ்னோ கொட்டினது, அவ ஹூட் போட்டிருந்தவ. குரல் மட்டும்தான். ஆனா அந்தக் குரலைத் திரும்பக் கேட்டா எனக்குத் தெரியும். பொலிசுக்குச் சொல்லட்டோ, மிஸ்?”

எனக்குப் பயம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் நான் சொன்னது எந்த ஆசிரியையும் சொல்லக்கூடியதுதான். பொலிசிடம் போனால் ஒரே கேள்வியை விதவிதமாகக் கேட்பார்கள். நீ கண்டதில் எது நிச்சயம், எது உன் ஊகம் என்று முதலில் உனக்கே தெரிய வேண்டும். நாங்கள் அடுத்துப் படிக்கப்போவது இதைப் பற்றித்தான். பாடம் முடியட்டும், அதுவரை பொறு. அவள் தலையாட்டினாள். வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை என்றாள். போகும்போது தாங்ஸ் மிஸ் என்றாள்.

ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் வாயை அடைக்க அவளை மிரட்டத் தேவையில்லை. அவளுக்குத் தன்மீது நம்பிக்கை போனால் போதும். அந்த நேரத்தில் நான் இப்படியெல்லாம் யோசிக்கவில்லை. நல்ல பத்தியொன்று எழுதுகிறேன் என்றுதான் நினைத்தேன், அது உண்மையும்கூட.

ஊரைக் கடற்கரைப் பட்டினமாக மாற்றினேன். காரை வான் வண்டி ஆக்கினேன். பஸ்ஸுக்குப் பதிலாக ரயில் வந்தது. பிள்ளையை மட்டும் அப்படியே விட்டேன். அவள் பெற்றோரின் மொழியை அரைகுறையாகத் தெரிந்தவள். வான் ஓட்டி வந்த பெண் போகும்போது அந்த மொழியில் ஒரு சொல் சொல்கிறாள். நேரே மொழிபெயர்த்தால் வருகிறேன் என்று அர்த்தம். அந்த மொழிக்காரர் வாசலில் விடைபெறும்போது சொல்வதும் அதே சொல்தான். பிள்ளை அதை வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டு ஸ்ரேஷனில் நிற்கிறாள். மனிதர் பனியில் கிடந்து இறந்துபோகிறார். அவளுடைய கண்ணாடியில் பனி படிந்திருந்தது என்றும் ஒரு வரி சேர்த்தேன். நிலாணியும் கண்ணாடி போடுகிறவள்.

எழுதி முடித்து வாசித்துப் பார்த்தால் பத்தி சப்பென்று இருந்தது. ஒரு சின்ன விபரம் போடுங்கள், வாசிக்கிறவர் மற்ற எல்லாவற்றையும் நம்புவார் என்று நான்தான் பிள்ளைகளுக்கு ஓயாமல் சொல்கிறவள். அதனால் விழுந்து கிடக்கும் மனிதருக்கு ஒரு வசனம் கொடுத்தேன். ‘என் மகள் எனக்காகக் கதவைப் பூட்டாமல் வைத்திருப்பாள். பூட்டச் சொல்லுங்கள்.’ அதற்குப் பிறகு பத்தி எழுந்து நின்றது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

முதல் ஆறு கேள்விகளும் வழமையானவை. ஏழாவது இது: மனிதரின் மரணத்துக்குக் கூடிய பொறுப்பு யாருடையது? ஏ, வான் ஓட்டியவள். பி, காலநிலை. சி, கதைசொல்லி. டி, ஒருவருடையதும் அல்ல. ஏன் என்று ஒரு வரியில் விளக்குக. விடைக் குறிப்பில் சி என்று போட்டேன். வான் ஓட்டியவள் பாதியிலேயே பத்தியை விட்டுப் போய்விடுகிறாள். அதற்குப் பிறகு அந்த மனிதரோடு மிஞ்சி நின்றதும், கையில் ஃபோன் இருந்ததும், தவறாக விளங்கிக்கொண்டதும் கதைசொல்லி. பத்தியை வைத்துத்தான் விடை சொல்ல வேண்டும், நமது கோபத்தை வைத்து அல்ல. இத்தனை வருடத்தில் நான் எழுதிய பிழையான விடைகளில் மிகச் சிறந்தது அந்த ஏ தான்.

பரீட்சை நெருங்கும்போது மின்ஹா திரும்பி வந்தாள். நீ இதை எழுதத் தேவையில்லை, உனக்கு வேறு ஏதாவது தருகிறேன் என்று சொன்னேன்.

“எழுதுறன் மிஸ். வீட்ட இருந்தா உம்மா அழுதுகிட்டே இருக்கிறா,” என்றாள்.

இன்னும் வற்புறுத்தியிருக்கலாம். வற்புறுத்தினால் ஏன் என்று யாராவது கேட்பார்கள். வான், கடற்கரை, வேறு மொழி. அவளுக்கு எங்கே விளங்கப்போகிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பரீட்சை அன்று நான் நிலாணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டாம் தடவை பத்தியை வாசித்தபோது முகம் வெளிறிப்போனது. தலை நிமிரவில்லை. மிகவும் மெதுவாக எழுதத் தொடங்கினாள். பாவமாக இருந்தது. ஆறுதலாகவும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் உணர முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மின்ஹா எழுந்து என் மேசைக்கு வந்தாள். மற்றப் பிள்ளைகளின் முன்னால் ஒருநாளும் என்னோடு தமிழில் கதைக்காதவள், தமிழில் கேட்டாள்.

“மிஸ், கதவு பூட்டாமக் கிடக்கும் எண்ட இந்த வரி உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அது கதை என்றேன், ஆங்கிலத்தில்.

“வாப்பா எப்பவும் சாவிய மறந்திட்டுப் போவாரு. அதால நான் பூட்டுறல்ல. உம்மாவுக்கும் தெரியாது, தெரிஞ்சா ஏசுவா. எனக்கும் வாப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும்.”

குரலை உயர்த்தவில்லை. பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பை விட்டு வெளியே போனாள். நேரம் இன்னும் இருக்கிறது என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். மின்ஹா அலுவலகத்துக்குப் போனாள், அலுவலகம் உங்களை அழைத்தது, நிலாணியும் தான் கண்டதை உங்களிடம் சொன்னாள். பிறகு நீங்கள் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பேப்பரை வைத்து, மனிதர் பேசும் வரியில் விரலை வைத்து, இதை யார் சொன்னது என்று கேட்டீர்கள். நிலாணி சொன்னாள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் தான் நின்றது வீதிக்கு மற்றப் பக்கம், அவர் சொன்னது தனக்குக் கேட்கவில்லை என்று அவள் உங்களிடம் ஏற்கனவே சொல்லியிருந்தாள்.

என்னிடம் சொன்னவர் ஸம்சுதீன்தான்.

அந்த வெள்ளிக்கிழமை என் காரில், பக்கத்து சீற்றில் திருத்த வேண்டிய கட்டுரைகள் அடுக்கியிருந்தன. வளைவில் அவை சரிந்தன. பிடிக்கக் கையை நீட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. நான் குடித்திருக்கவில்லை, வேகமாகவும் போகவில்லை. இறங்கிப் போனேன். பனிக் குவியலில் சாய்ந்து கிடந்தார். இரத்தம் பெரிதாகத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, தமிழா?” என்று கேட்டார். ஓம் என்றேன். அவருக்கு நிம்மதி வந்ததை நான் கண்டேன். “எங்கட மகள் எனக்காகக் கதவப் பூட்டாம வெச்சிருப்பா. பூட்டச் சொல்லுங்க,” என்றார். இவ்வளவு தெளிவாகக் கதைக்கிற மனிதருக்கு ஆபத்து ஒன்றும் இராது என்று நினைத்தேன். அடுத்த வாரம் எனக்கு உப அதிபர் பதவிக்கான நேர்முகம் இருந்தது. ஃபோன் கோட் பொக்கற்றில் இருந்தது. காரை நோக்கி நடந்தபடி, அவருக்குக் கேட்க வேண்டுமென்று, வாறன் என்று உரத்துச் சொன்னேன்.

அந்தச் சொல்லை நான் எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். திரும்பி வரத்தான் நினைத்தேன். வீட்டுக்குப் போய் யாரையாவது அழைக்கலாம் என்று நினைத்தேன். கணவர் பிட்டு அவித்து வைத்திருந்தார். சாப்பிட்டேன். பிறகு யாராவது பார்த்திருப்பார்கள், அழைத்திருப்பார்கள் என்று தோன்றியது. ஒருத்தி பார்த்துத்தான் இருந்தாள். அந்தப் பிள்ளை நான் சொன்னதை நம்பி நின்றுகொண்டிருந்தாள். அவரை அடித்தது நான், விட்டுவிட்டுப் போனது நான், அந்தப் பிள்ளை வாய் திறக்காதபடி பத்தியையும் கேள்விகளையும் எழுதியது நான். எழுதித் தருகிறேன் என்றேன், எழுதிவிட்டேன்.

நீங்கள் வருவதற்கு முன்பே பேப்பர்களைத் திருத்தி முடித்திருந்தேன். வேலையைப் பாதியில் விடுவது என் பழக்கம் இல்லை. ஏழாவது கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் ஏ என்று எழுதியிருந்தார்கள். எல்லோருக்கும் பிழை போட்டேன். சி என்று எழுதியது நிலாணி மட்டும்தான். விளக்கம் கேட்ட இடத்தில், ‘எனக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்திருந்தால் அவர் உயிரோடு இருந்திருப்பார்’ என்று எழுதியிருந்தாள். ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுதும்போது ‘அவளுக்கு’ என்று வர வேண்டும். ‘எனக்கு’ என்பதைச் சிவப்பால் வட்டமிட்டு, ஓரத்தில் திருத்திவிட்டேன். அதற்காகப் புள்ளி குறைக்கவில்லை. பிள்ளைகளிடம் நான் ஒருநாளும் கடுமையாக நடந்துகொண்டதில்லை.